எண்ணித் தைப்பதா, வரைந்து தைப்பதா, ஓட்டித் தைப்பதா?

கைத்தையல் பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முடிந்த வேலையின் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நிழலும் ஒளியுமாக இழைத்த ஒரு ரோஜா கண்ணில் படுகிறது. உடனே அதே ரோஜாவைத் தைக்க நூலும் துணியும் வாங்கிவிடுகிறார்கள். அதைத் தைத்தவர் எத்தனை மாலைகள் அதனோடு உட்கார்ந்திருந்தார், விளக்கு எங்கே இருந்தது, பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தார்களா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. முடிவெடுக்க உதவக்கூடிய செய்திகள் அவைதான். முடிந்த வேலையை நாம் பார்ப்பது கொஞ்ச நேரம்; ஊசியும் நூலுமாக இருப்பது நெடுநேரம். அந்த நேரத்தின் இயல்பு ஒவ்வொரு தையல் முறைக்கும் வேறு.

தனியாக மகிழ்வது மட்டுமே நோக்கம் என்றால் மனத்துக்குப் பிடித்த எந்த முறையையும் எடுத்துக்கொள்ளலாம். நாலு பேரோடு உட்கார்ந்து தைக்க வேண்டும், தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், முடித்ததை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையினருக்காக.

ஊசியால் துணிமேல் செய்யும் அலங்காரத் தையல்களில் புதியவர் முன்னால் நிற்கும் வழிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். கட்டங்களை எண்ணித் தைப்பது. கிராஸ் ஸ்டிச் இதில் முதன்மையானது. துணியில் படம் வரைந்து, கோட்டின்மேல் தைப்பது; பொதுவாக எம்பிராய்டரி என்று நாம் சொல்வது இதைத்தான். ஊசியை ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டே போவது. வங்காளத்தின் காந்தாவும் ஜப்பானின் சஷிகோவும் இந்த ஒரே தையலை நம்பி வளர்ந்த மரபுகள்.

ஆரி வேலையையும் குரோஷாவையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆரிக்குத் துணியை இழுத்துக் கட்டிய பெரிய சட்டம் வேண்டும். ஒரு கை மேலே கொக்கி ஊசியோடும், மறு கை கீழே நூலோடும் இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிலையாக உட்கார முடிந்தவர்களின் கலை அது. பிடிபட்டுவிட்டால் அதன் வேகத்துக்குச் சாதாரண ஊசி ஈடுகொடுக்காது. குரோஷாவுக்குத் துணியே வேண்டாம். கொக்கியும் நூலும் போதும், தவறினால் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடலாம், பையில் போட்டுக்கொண்டு எங்கும் போகலாம். இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டுரை எழுத வேண்டும்.

கட்டங்களின் அமைதி

கிராஸ் ஸ்டிச்சில் துணிதான் வழிகாட்டி. ஐடா எனப்படும் துணியில் இழைகள் சிறு சிறு கட்டங்களாக நெய்யப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைகளிலும் ஊசி நுழையும் அளவுக்குத் துளை தெரியும். 14 என்று எண்ணிட்ட துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள். 11 என்றால் கட்டம் பெரிது, 18 என்றால் பொடி. கட்டத்தாளில் குறியைப் பார்க்க வேண்டும், துணியில் அதே எண்ணிக்கை நகர வேண்டும், பெருக்கல் குறியாக இரண்டு குத்துக் குத்த வேண்டும். தெரிந்துகொள்ள வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் நாள் தைத்த கட்டத்துக்கும் ஆறு மாதம் கழித்துத் தைத்த கட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. எனக்கு வரையத் தெரியாது, என் கை நேராகப் போகாது என்று ஒதுங்கி நிற்பவர்களைத் தைரியமாக இந்தப் பக்கம் அழைக்கலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒழுங்கு ஒன்று உண்டு. மேலே வரும் இழை எல்லாக் கட்டங்களிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எம்பிராய்டரி நூலில் மினுமினுப்பு இருக்கிறது. இழை சாயும் திசை மாறினால் வெளிச்சம் பட்டுத் திரும்பும் விதமும் மாறும். ஒரே சிவப்பு நூலால் தைத்த இதழில் திடீரென்று இரண்டு சிவப்பு தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த முறை கேட்கும் விலை நேரமும் கவனமும். 14 எண் துணியில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்றை முழுவதும் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 70 கட்டம், மொத்தம் 4,900 பெருக்கல் குறிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தையல் என்றால் 9,800. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய படத்துக்கு இவ்வளவு. முழுப் பரப்பையும் நிரப்பும் பெரிய வடிவங்களைப் புதியவர்கள் தேர்ந்தெடுக்கும்போது எனக்குக் கவலையாக இருப்பது இதனால்தான். பின்னணியைத் துணியாகவே விட்டு, நடுவில் மட்டும் படம் இருக்கும் வடிவங்கள் தொடக்கத்துக்கு எவ்வளவோ நல்லது.

எண்ணிக்கையும் பேச்சும் ஒத்துப்போகாது. வலப்பக்கம் பதினொன்று, கீழே மூன்று என்று மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் நலம் விசாரித்தால் எண் கலைந்துவிடும். ஒரு கட்டம் தள்ளிப்போனது உடனே தெரியாது என்பது இன்னும் மோசம். பூவைச் சுற்றி வந்து முதல் இதழைத் தொடும்போது, இரண்டு முனைகளும் சந்திக்காமல் நிற்கும். அதற்குள் நூற்றுக்கணக்கான தையல்கள் ஆகியிருக்கும். இதற்கு வழி இருக்கிறது. தொடங்கும் முன்பே பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடாக, பின்னால் உருவி எடுத்துவிடக்கூடிய நூலை ஓட்டிவைத்தால், எண்ண வேண்டியது எப்போதும் பத்துக்குள்தான். இன்னொரு வழி, ஒரே நிறம் வரிசையாக வரும் இடங்களில் ஒவ்வொரு பெருக்கல் குறியாக முடிக்காமல், போகும்போது பாதித் தையல்களை மட்டும் வரிசையாகப் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது மறுபாதியால் மூடுவது. டேனிஷ் முறை என்று இதைச் சொல்வார்கள். போகும்போதுதான் எண்ண வேண்டும். திரும்பும் வழி முழுவதும் பேசிக்கொண்டே வரலாம். கூட்டத்தில் கிராஸ் ஸ்டிச் தைக்க விரும்புகிறவர்கள் திரும்பும் வரிசைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு போவது நல்லது.

பகிர்வதற்கு இதில் இயல்பாக அமைவது எழுத்து. கட்டங்களில் எழுத்துகளும் எண்களும் ஒழுங்காக நிற்கும். பெயர், பிறந்த நாள், மண நாள் என்று யாருக்காகத் தைக்கிறோமோ அவரையே துணியில் பதிக்கலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் போஸ்டாக் என்ற பெண் 1598இல் தைத்த மாதிரித் துணி (பழகிய தையல்களையும் வடிவங்களையும் ஒரே துணியில் பதிந்து வைப்பது) ஒன்று இருக்கிறது. ஆண்டு குறித்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் தெரிந்தவரை மிகப் பழமையானது அதுதான். ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தது என்று அதில் தைத்திருக்கிறது. கிராஸ் ஸ்டிச் உட்படப் பல தையல் வகைகள் அதில் உண்டு. ஆனாலும் இன்று படிப்பவரை நிறுத்துவது அந்தப் பிறந்த நாள்தான்.

சொல்லிக்கொடுக்கவும் சிரமம் இல்லை. முனை மழுங்கிய டேபஸ்ட்ரி ஊசி போதும் என்பதால் சிறு பிள்ளைகளின் கையிலும் பயமில்லாமல் கொடுக்கலாம். 14 எண் துணிக்கு 24ஆம் எண் ஊசி பொருந்தும். வயதானவர்களுக்கு 11 எண் துணியும், ஊசியில் இரண்டு இழை நூலுக்குப் பதில் மூன்று இழையும் கொடுத்தால் கண் நோகாது.

கோட்டின் சுதந்திரம்

வரைந்து தைக்கும் எம்பிராய்டரிக்குக் கட்டத் துணி வேண்டாம். நெருக்கமாக நெய்த எந்தத் துணியும் இடம் கொடுக்கும். கைக்குட்டை, சட்டைக் கழுத்து, தலையணை உறை, பழைய துணிப்பை எதுவானாலும் சரி. படத்தைத் துணியில் வரைந்து, வளையத்தில் மத்தளத் தோலைப் போல இறுக்கி, கூர்முனை ஊசியால் தொடங்க வேண்டியதுதான். கொடிக்கும் கோட்டுக்கும் காம்புத் தையல், கண்ணி கண்ணியாகப் போகும் சங்கிலித் தையல், இழைகளை நெருக்கிப் பரப்பை நிரப்பும் சாட்டின் தையல், தனிக் கண்ணியை இதழாக்கும் லேசி டெய்சி, நூலை ஊசியில் சுற்றிப் புள்ளியாக்கும் பிரெஞ்சு முடிச்சு ஆகிய ஐந்தும் கைவந்தால் ஒரு தோட்டத்தையே தைத்துவிடலாம்.

இந்த முறையின் சுவை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஓர் இலையின் விளிம்பைக் காட்டுவேன். சங்கிலித் தையலில் ஊசி மேலே வந்த அதே துளையில் மறுபடி இறங்கி, கோட்டில் மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி எட்டிப் பார்க்கிறது. நூல் ஊசி முனைக்கு அடியில் வளைந்து கிடக்கிறது. இழுத்தால் ஒரு கண்ணி. இழுப்பு கொஞ்சம் கூடினால் கண்ணி மூடிக்கொண்டு வெறும் கோடாகிவிடும். குறைந்தால் துணிமேல் சரிந்து கிடக்கும். இலை வளைகிற இடத்தில் கண்ணியைக் குறுக்க வேண்டும், இல்லையென்றால் வளைவு முனை முனையாக உடையும். நுனிக்கு வந்ததும் கடைசிக் கண்ணியை வெளிப்பக்கம் ஒரு சின்னக் குத்தால் கட்டிவிட்டு, அந்தக் கண்ணிக்கு உள்ளிருந்தே ஊசியை எடுத்து மறுபக்கம் இறங்கினால் இலைக்குக் கூர்மையான நுனி கிடைக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எந்தத் தாளும் சொல்லாது. விரலுக்கு அது புரிகிற நாள் வரும். அன்றைக்குப் பிறகு கையில் வளையம் இல்லாமல் உட்கார மனம் வராது.

அதுவரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதல் மாத வேலையும் மூன்றாம் மாத வேலையும் பார்த்த மாத்திரத்தில் வேறு வேறு என்று தெரியும். குறை தெரிந்தாலும் இங்கே மறைக்க வழி அதிகம்: கோணிப்போன கிளைமேல் ஓர் இலை, இடைவெளி விழுந்த இடத்தில் ஒரு முடிச்சு. கட்டத்தாள் கையில் இல்லாததால், படத்தில் முதலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

படத்தைத் துணிக்கு மாற்றும் வேலையில்தான் பலருடைய உற்சாகம் வடிந்துவிடுகிறது. தண்ணீரில் கரையும் மையால் வரைந்தால், அலசி மை முழுவதும் போன பிறகே இஸ்திரி போட வேண்டும். முந்திக்கொண்டால் சூட்டில் மை துணியில் நிலைத்துவிடக்கூடும். சூடு பட்டால் மறையும் பேனாக்களும் இருக்கின்றன. கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பத் தெரியலாம் என்பதால், பரிசாகப் போகும் துணிக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன். வெளிர் நிறத் துணியை வெளிச்சம் வரும் சன்னல் கண்ணாடிமேல் படத்தோடு சேர்த்து ஒட்டி, பென்சிலால் மெல்லிசாக வரைவது இன்றும் நம்பகமான வழி. கோட்டைத் தையல் மூடிவிடும்.

பேச்சோடு இது ஒத்துப்போகுமா என்பது எந்தத் தையல் என்பதைப் பொறுத்தது. காம்புத் தையலிலும் சங்கிலியிலும் கை தானாக ஓடும். கதை கேட்டுக்கொண்டே ஒரு கொடி முழுவதையும் முடிக்கலாம். நீளமும் குட்டையுமான தையல்களால் நிறத்தோடு நிறம் குழைத்து இதழை நிரப்பும் வேலை அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு குத்தும் முந்தைய வரிசையின் எந்த இடத்தைப் பிளந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பகல் வெளிச்சமும் தனிமையும் வேண்டும்.

பலர் சேர்ந்து ஒரே படத்தைத் தைக்கும்போது கைக்குக் கை இழுப்பு மாறுவது வெளியே தெரிந்துவிடும். இதற்குப் பெரிய கூட்டு வேலைகள் கண்ட வழி, பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்வது. நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த பேயோ சித்திரத் துணி ஏறக்குறைய 70 மீட்டர் நீளம், லினன் துணியில் கம்பளி நூலால் தைத்தது. இங்கிலாந்தின் லீக் நகரத்தில் எலிசபெத் வார்டில் தலைமையில் 35 பெண்கள் அதன் முழு நீளப் பிரதியை 1886இல் முடித்தார்கள். தான் தைத்த பகுதிக்குக் கீழே ஒவ்வொருவரும் தன் பெயரையும் தைத்தார். அந்தப் பிரதி இப்போது ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2013இல் முடிந்த ஸ்காட்லாந்தின் வரலாற்றுச் சித்திரத் துணியும் இதே வழியில் வந்ததுதான்: 160 பலகங்கள், ஏறக்குறைய ஆயிரம் பேர். பலகம் தனித்தனி என்பதால் ஒவ்வொரு குழுவின் கையும் அதனதன் எல்லைக்குள் அழகாக நிற்கிறது.

சிறு குழுவுக்கு இதைவிட எளிய வடிவம் ஒன்று உண்டு. 1912இல் லண்டன் ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்டிருந்த, வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் ஒரு கைக்குட்டையில் தங்கள் கையெழுத்துகளைத் தைத்தார்கள். 66 கையெழுத்துகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் துணியில் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் காம்புத் தையலோ, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைப் பின்னோக்கி இறக்கும் கெட்டித் தையலோ போட்டால் போதும். கோடு கோணலாக இருந்தாலும் அது அவரவர் கையெழுத்துதானே! பணி ஓய்வு பெறுகிறவருக்கும், ஊர் மாறிப் போகிறவருக்கும் இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டத் தையலின் தோழமை

கடைசியாகச் சொன்னாலும் என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ஊசி மேலே, ஊசி கீழே. பொத்தான் தைத்த யாருக்கும் இது தெரியும். இதைத் தொடக்கநிலைத் தையல் என்று ஒதுக்கிவிட்டுக் கடினமானதைத் தேடிப் போகிறவர்கள், இந்த ஒரு தையலிலேயே வளர்ந்து நிற்கும் மரபுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டத் தையல் போட்டே காந்தா செய்தார்கள். தாமரையும் மீனும் யானையும் தைத்த பிறகு, மீதி வெள்ளைப் பரப்பு முழுவதையும் வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டுவார்கள். அடுக்குகள் சேர்ந்து இழுபடுவதால் துணியில் மெல்லிய அலை எழும். காந்தாவைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுவது அந்த அலையால்தான். சஷிகோ ஜப்பானின் குளிர் மிகுந்த வட பகுதிகளில் தழைத்தது. அவுரி நீலத் துணியை அடுக்கி, வெள்ளைப் பருத்தி நூலால் ஓட்டினால் துணிக்குக் கதகதப்பும் உறுதியும் கூடும். கிழிந்த இடமும் அடைபடும். தேவைக்காகப் போட்ட தையல் காலப்போக்கில் வட்டங்களாகவும் அறுகோணங்களாகவும் அலைகளாகவும் அழகு பெற்றது.

இதில் ஊசியைப் பிடிக்கும் விதமே வேறு. வளையம் இல்லை. நீளமான ஊசியை ஏறக்குறைய அசைக்காமல் வைத்துக்கொண்டு, துணியைத்தான் முன்னும் பின்னுமாக ஊசிமேல் ஏற்றுகிறோம். ஆறேழு தையல்கள் ஊசியிலேயே மடிப்பு மடிப்பாகச் சேர்ந்த பிறகு ஒரே இழுப்பு. இழுத்ததும் அடுத்த குத்துக்கு ஓடிவிடக் கூடாது. தைத்த வரியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து, தொடக்கத்திலிருந்து முனைவரை நீவிவிட வேண்டும். சுருக்கம் விலகி நூல் துணியோடு படியும். திசை திரும்பும் மூலைகளில் பின்பக்கம் நூலைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாவிட்டால், முடிந்த துணி விளிம்பெல்லாம் சுருண்டு படியாமல் நிற்கும். ஊசியின் பின்புறத்தை உள்ளங்கையால் தள்ளுவதால் கை வலிக்கும். உள்ளங்கையில் தகடு பதித்த தோல் அங்குஸ்தானை (ஊசி குத்தாமல் காக்கும் உறை) இதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

எண்ண வேண்டியது மிகக் குறைவு. கோட்டை முன்பே வரைந்திருப்பதால் பார்வை கொஞ்சம் விலகினாலும் கை தடுமாறாது. பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்த் திரும்பினால், எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. நூல் தொங்கும் இடம்தான் அது. நான்கு பேர் ஒரு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து நான்கு பக்கமிருந்தும் தைக்கலாம். ஒருவர் தையல் சற்று நீளம், இன்னொருவர் தையல் பொடி என்றாலும் காந்தாவின் அலையில் அது கலந்துவிடும். பேச்சு நடுவில் நிற்காமல் பல கைகள் ஒரே துணியில் சேரக்கூடிய முறையாக எனக்குத் தெரிந்தது இதுதான். புதிதாக வந்து உட்கார்ந்தவரும் கொஞ்ச நேரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டத் தொடங்கிவிடுவார்.

குறைகளும் உண்டு. முகம், பறவையின் இறகு, ரோஜாவின் நிழல் என்று நுணுக்கமாகக் காட்ட ஆசைப்பட்டால், ஓட்டத் தையலில் அதற்கு நெடுநாள் பயிற்சி வேண்டும். பெரிய விரிப்பை எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். மெல்லிய ஒற்றைத் துணியில் சுருக்கம் விழாமல் தைப்பது கடினம். இரண்டு அடுக்காவது வேண்டும். நிறங்களோடு விளையாடும் ஆசை உள்ளவருக்கு நீலமும் வெள்ளையுமான சஷிகோ கொஞ்ச நாளில் சலிக்கக்கூடும்.

நூலைப் பற்றிக் கொஞ்சம்

முதல் இரண்டு முறைகளுக்கும் ஒரே நூல்தான்: ஆறு இழை சேர்ந்த பருத்தி எம்பிராய்டரி நூல், பெரும்பாலும் 8 மீட்டர்க் கண்டு. தேவையான இழைகளை ஒன்றொன்றாக மேல்நோக்கி உருவி, பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிரித்தால்தான் சிக்கு விழுகிறது. ஊசியில் கோக்கும் நீளம் முழங்கை அளவு போதும். நீளம் கூடினால் ஒவ்வொரு இழுப்பிலும் துணி நூலை உரசி, மினுமினுப்பு போய்ப் பஞ்சு எழும். சஷிகோ நூல் தளர்வாக முறுக்கியது, அதை இழை பிரிக்காமல் அப்படியே தைக்க வேண்டும்.

வாங்குகிறவர் கையில்

தைத்ததைக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் அதை என்ன செய்வார் என்று யோசித்தால் தேர்வு இன்னும் தெளிவாகும். நிறைய கட்டங்கள் நிரப்பிய கிராஸ் ஸ்டிச் சட்டம் போட்டு மாட்டத்தான் ஏற்றது. துவைக்கத் தாங்கும் என்றாலும் அவ்வளவு உழைப்பை யாரும் துவைக்கத் துணிய மாட்டார்கள். சுவரில் இடம் இல்லாதவருக்குச் சட்டம் ஒரு பாரம். அப்படிப்பட்டவருக்குப் புத்தகக் குறியோ ஊசிப்பையோ போதும்.

உடுத்தும் துணிக்கு வரைந்து தைத்த எம்பிராய்டரி அழகு. ஆனால் சாட்டின் தையலில் ஒரு இழை ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் துணியில் பிடியில்லாமல் கிடந்தால், வளையலிலோ நகத்திலோ மாட்டும். அந்த இடத்தை இரண்டாகப் பிரித்து நரம்பு வைத்த இலையாக்கலாம், அல்லது சங்கிலியால் நிரப்பலாம். தலையணை உறையின் நடுவில் பிரெஞ்சு முடிச்சுகளை வைக்காதீர்கள், கன்னத்தில் உறுத்தும், ஓரத்தில் இருக்கட்டும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிற நூல்களை வெள்ளைத் துணியில் தைக்கும் முன் ஒரு துண்டு நூலை ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். இஸ்திரி எப்போதும் பின்பக்கம்தான். கனமான துண்டை விரித்து, தைத்த பக்கத்தைக் கீழே வைத்துத் தேய்த்தால் தையல் நசுங்காது.

ஓட்டத் தையல் போட்ட துணியைக் கொடுக்கும்போது இப்படி எதையும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. மடித்து வைக்கலாம், போர்த்திக்கொள்ளலாம், துவைக்கலாம். கிழிந்தால் அதன்மேலேயே இன்னொரு துண்டு வைத்து ஓட்டலாம்.

வடிவங்களைப் பகிர்வதில் மட்டும் ஒரு வார்த்தை. பழைய மரபு வடிவங்கள் எல்லோருக்கும் பொது. ஒருவர் உட்கார்ந்து வரைந்து விற்கும் கட்டத்தாளை வாங்கிப் படியெடுத்துக் கூட்டத்துக்கெல்லாம் கொடுப்பது அவர் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும். தெரிந்த தையலைக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுங்கள். வடிவத்துக்கு வரைந்தவரைக் காட்டிவிடுங்கள்.

யாருக்கு எது

நாள் முழுவதும் பேச்சும் சத்தமுமாக இருந்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று ஏங்குகிறவர் கிராஸ் ஸ்டிச் எடுக்கட்டும். எண்ணிக்கை மற்ற நினைவுகளுக்கு இடம் கொடுக்காது. அவருக்கு வேண்டியது அதுதான். ஒழுங்கு பிடித்தவருக்கும், கை தடுமாறும் என்று அஞ்சுகிறவருக்கும் இதுவே நல்லது.

படம் போட ஆசை இருப்பவர், தன் உடையில் தன் கை தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர், முதல் சில வேலைகள் சுமாராக வந்தாலும் சோர்ந்துபோகாதவர் வரைந்து தைக்கத் தொடங்கலாம். மூன்றிலும் எல்லை இல்லாதது இது. எத்தனை ஆண்டு தைத்தாலும் கற்றுக்கொள்ள இன்னொரு தையல் இருக்கும்.

இவரா அவரா என்று தெரியாதவருக்கும், முக்கியமாக மற்றவர்களோடு சேர்ந்து தைக்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கும் ஓட்டத் தையலைச் சொல்வேன். கையின் சீர், நூலின் இழுப்பு, கோட்டைப் பின்தொடரும் பார்வை மூன்றும் இதில் படியும். பிறகு எந்தப் பக்கம் போனாலும் உதவும். காந்தாவில் வரைந்து தைப்பதும் ஓட்டுவதும் ஒன்றாகவே இருப்பதால், கொஞ்சம் கொஞ்சமாக உருவங்களுக்கும் நகரலாம்.

நாலைந்து பேரைக் கூட்டித் தொடங்குவதானால், ஆளுக்கு ஒரு சாண் சதுரத்தில் இரண்டடுக்குத் துணியைக் குறுக்கு நூல் போட்டு முன்பே இணைத்து, கோடுகளையும் வரைந்து வைத்துவிடுங்கள். வந்ததும் ஊசியைக் கையில் எடுக்கும்படி இருக்க வேண்டும். அளவெடுப்பதிலும் வெட்டுவதிலும் முதல் மாலை போய்விட்டால் அடுத்த மாலைக்கு ஆள் குறையும். எல்லோருக்கும் ஒரே நிறத் துணி, நூல் நிறம் அவரவர் விருப்பம். சதுரத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை ஓரம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். முடிந்த சதுரங்களை ஒன்றாக இணைக்கும் வேலையை மட்டும் ஒருவரிடமே விடுவது நல்லது. ஓரம் பிடிக்கும் அளவு கைக்குக் கை மாறினால் இணைப்பு கோணிக்கொள்ளும். அவ்வளவு பேர் தைத்த விரிப்பு தரையில் சமமாகப் படியாது.